வாயடைப்பு

பொட்டலம் கர்ராஸ்கோ விமான நிலையத்தில்
பத்தொன்பது நாள் கிடந்தது.
உயிரில்லை, விதையில்லை, மருந்துமில்லை என்று
மூன்று படிவங்களில் எழுதிக் கொடுத்தேன்.
உள்ளே ஒரு மில்லிகிராம் வெள்ளைத் தூள்.
பதினைந்து அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கோத்தது;
ஒரு தும்மலில் போய்விடும்.

எங்கோ ஒரு முயலுக்கு இதையே ஊசியில் ஏற்றினார்கள்.
அதன் இரத்தம் இதை மனப்பாடம் செய்துகொண்டது.
அந்த மனப்பாடத்தைத்தான்
ஆன்டிபாடி என்று குப்பியில் வாங்குகிறோம்:
நூறு மைக்ரோலிட்டர்,
ப்ளோரென்சியாவின் உதவித்தொகையில் ஒரு மாதம்.

மூன்று வருடமாய் அதை நம்பினாள்.
ஐம்பத்திரண்டு கிலோடால்டன் உயரத்தில்
கன்னங்கரேலென்று ஒரு பட்டை.
'என்னவன்' என்பாள்.
கீழே முப்பத்தெட்டில் ஒரு மங்கல் கீற்றும் வரும்.
'அழுக்கு, வால்டெமார், வெட்டிவிடு.'
வெட்டுவேன். என் வேலை அது.

ஆன்டிபாடியை இரண்டு குழாய்களில் பிரித்தேன்.
ஒன்றை அப்படியே விட்டேன்.
மற்றதில் அந்தத் தூளை
அளவுக்கு மீறிக் கரைத்து ஊற்றினேன்:
தின்னு, வாய் நிறையத் தின்னு,
பசி தீர்ந்தபின் உன்னைச் சவ்வின்மேல் விடுவேன்;
அப்போதும் எதையாவது பிடித்தால்
அது பசியில்லை,
வெறும் கைப்பழக்கம்.

இரவு முழுக்க நான்கு டிகிரியில் சுழன்றன.
ஜூலைக் குளிர். ஆற்றுக் காற்று
சன்னலை அறைந்துகொண்டே இருந்தது.
காலையில் மாத்தே குடுவையை
வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

மறைந்தால் மெய், நின்றால் பொய்.
இதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.
ஆனாலும் இரண்டு சவ்வும் திரையில் வந்ததும்
முதலில் சிரித்தாள்:
'பார், அசையாமல் நிற்கிறான்!'
பிறகுதான்
நிற்பது என்றால் என்னவென்று
அவள் முகத்துக்கு எட்டியது.

இடப்பக்கமும் வலப்பக்கமும்
அதே ஐம்பத்திரண்டு, அதே கருமை.
முப்பத்தெட்டில்தான்
இடப்பக்கம் ஒரு கீற்று,
வலப்பக்கம் துடைத்தாற்போல.

வாயடைத்தது ஆன்டிபாடிக்கு மட்டுமல்ல.

சால்டோவிலிருந்து பேராசிரியர் பெர்ருத்தி
'திரும்பச் செய்யுங்கள்' என்றார் போனில்.
செய்தோம். மூன்று முறை.
'மறைந்ததும் முழுச் சாட்சியில்லை.
அதே சாயலில் வேறு புரதம் இருக்கலாம்.
மரபணு நீக்கிய செல்லில் பாருங்கள்.'
அதற்குப் பணம் எங்கே என்று
நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாநாட்டுச் சுவரொட்டி உருளைக்குள்
தயாராய் நின்றது, மூலையில்.
அதன்மேல் தன் கழுத்துத் துணியைப் போட்டுவிட்டு
பழைய படங்களைத் திறந்தாள்,
நான் வெட்டுவதற்கு முந்தையவற்றை,
ஒவ்வொன்றாய்.

ஜெல் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
'இதிலும் இருக்கு' என்றாள்.
கொஞ்சம் கழித்து,
'இதிலும்.'