நான்கில் ஒன்று

மெஸ்தியாவில் பனி, ஜன்னலில் பாதிவரை.
மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரிது?
நான்கில் ஒன்றுதான் என்றான் பத்ரி,
மூன்றைவிட நான்கு பெரிதில்லையா?
யாரும் சிரிக்கவில்லை.
பாதிப்பேர் அதையே எழுதியிருந்தோம்.

மதியம் ம்ஸேகலா பிரித்த பொட்டலத்தில்
பாலாடைக்கட்டி ரொட்டி, ஒன்றே ஒன்று.
மூன்று பேர் இருந்தோம்.
கத்தி வைக்கும் நேரம் பார்த்து
கோச்சா வந்து உட்கார்ந்தான்.
பத்ரியின் துண்டு ஒடுங்கிற்று.
அதைக் கையில் பிடித்தபடி
வெகுநேரம் தின்னாமல் இருந்தான்.

பிறகு கேட்டான்:
பள்ளிக்கூடமே வந்தால்? ஊரே வந்தால்?
எத்தனையாவது ஆளுக்கு
இது ரொட்டியாக இல்லாமல் போகும்?

கணக்கு நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
கடைசித் தாளில் எழுதிவைத்தான்,
வெண்ணெய் விரலோடு.

அந்தக் கறை வழியே
மறுபக்கத்து எண்கள் தெரிந்தன,
தலைகீழாகச் சில.