பச்சை மை

இருபத்தாறு வருடம்
இல்லாத நாடுகளின் வரைபடங்களோடு இருந்தேன்.
யாரோ மேசையில் பெற்றுப்போட்ட தெய்வங்களுக்கு
வம்சாவளி எழுதினேன்.
ஒரு நதி மலையேறிப் பாய்ந்ததை
நாற்பது பக்கத்தில் நியாயப்படுத்தினேன்;
பேராசிரியர் ஆக்கினார்கள்.

இன்று ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம்.
இலக்கம் முப்பத்தொன்று.
"பரஞ்சோதி சிவலோஜினி ஆர்?"
கலாநிதியை வெட்டிவிட்டார்கள்.

எங்கள் காணியின் மேல் பச்சை மை:
ஒதுக்கக் காடு.
"இதில ஊர் இருந்ததாப் படத்தில இல்லையே."
கிணறு இருக்குத் தம்பி, கட்டோட.
உள்ளுக்கை எங்கட சைக்கிளும் கிடக்கு.

அவர் திரும்பவும் பார்க்கிறார்,
நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே,
அளவுகோல் வைத்து, முழு நம்பிக்கையோடு.

"ஆதாரம்?"

அடிக்குறிப்பு எழுதிய கை
பைக்குள் போகிறது.
கிணற்றுக் கப்பி.
மேசையில் வைக்கிறேன்.
துரு உதிர்கிறது
பச்சைக்கு மேல்.