இருபத்தோராம் நாள்

முடிவு வந்து இன்றைக்கு இருபத்தோராம் நாள்.
நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் வழக்காம்.
கச்சேரி வாங்கிலே
மடியில் செலவு விபரப் படிவம், பல்லிடையில் பேனா மூடி.
பக்கத்தில், காணி அலுவலாய் வந்த யாரோ ஒருவர்
பிட்டுப் பொதியை அவிழ்க்கிறார்.

நன்கொடை தந்தவர் பெயர். முகவரி. தொகை.

'பட்டியலில் பெண்கள் குறையுது பிள்ளை,
பேரைத் தந்தால் காணும்,
மிச்சத்தை நாங்கள் பார்ப்பம்'
என்று கட்சிக்காரர் வந்தது மாசி வெயிலில்.
மிச்சம் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.
அது என் பிழை.
பிறகு கேட்டேன்.
ஆம்பிளையளின்ர துண்டுப் பிரசுரத்துக்கே
காசு காணாதாம்.

சீமெந்துக் கடை முதலாளி
எனக்கு முன்னால் போன சற்குணத்தாருக்கு உறை கொடுத்ததை
அலுமாரிக் கண்ணாடியில் கண்டேன்.
தடித்த உறை, நடுவில் இறப்பர் பட்டி.
என் முறை வந்தது.
குளிர்ந்த சோடா வந்தது.
'தங்கச்சி, மனுசன் ஒண்டும் சொல்லேல்லையே' வந்தது.
கடைசியாய் ஆயிரம் ரூபா வந்தது, ஒற்றைத் தாளாய்,
உண்டியலில் போடுகிறவர்போல்
எங்கேயோ பார்த்துக்கொண்டு.

எழுதுகிறேன்: ஆயிரம்.
சோடாவுக்கு நிரல் இல்லை.

காப்பு இரண்டும் வங்கி அடகில்.
அது நன்கொடையா, கடனா?
நான் எனக்கே தந்ததற்கு
என் முகவரியை இரண்டு தரம் எழுத வேண்டியிருக்கிறது.

திருக்கடலூர் ஞானசௌந்தரி
தன் சீட்டு முறையை எனக்கு விட்டுத் தந்தாள்;
அவள் வீட்டுக் கூரைத் தகரம்
அடுத்த மாரிக்குத் தள்ளிப் போனது.
மீன் வாடிப் பெண்கள் பனிக்கட்டிப் பெட்டி மூடியில் சேர்த்தது
நாலாயிரத்து அறுநூற்று எழுபது.
செதில் ஒட்டிய தாள்கள்.
அச்சகத்துப் பெடியன் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினான்.
பெயர்: பதினேழு பேர்.
முகவரி: கடற்கரை.
ஒத்துக்கொள்வார்களோ தெரியாது.

ஜமாலியா ஹசீனத்தும்மா
பசை காய்ச்சத் தந்தது மூன்று கிலோ கோதுமை மா.
ஒட்டிய இரவே
பஸ் நிலையத்து மான்கள் அதை நக்கிவிட்டன.
விடியப் போய்ப் பார்த்தால்
என் கன்னத்தில் பாதி இல்லை,
'வட்டார'த்தில் 'வட்' மட்டும் மிச்சம்.
எதிரே மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
சற்குணத்தார் துணிப் பதாகையில் கும்பிட்டபடி
மான் எட்டாத உயரத்தில் நின்றார்.
அந்த உயரத்துக்கு என்ன விலை என்று
அன்றைக்குத்தான் விசாரித்தேன்.

யசோமதி பதினொரு நாள்
என் மகனைப் பள்ளியால் கூட்டிவந்தாள்.
ஓட்டோக் கூலி என்று ஒரு கணக்குப் போடலாம்.
அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே கணக்குப் பாடம் செய்து,
அங்கேயே நித்திரையாகிப் போனதற்கு?

யன்னலுக்குள் இருந்து இலிகிதர் சொன்னார்:
'சுருக்கி எழுதுங்கோ அம்மா.
சற்குணத்தார் நேற்றே தந்திட்டார்,
ஒரேயொரு தாள்.'
அந்தக் கோவை மேசையில் விரிந்தே கிடந்தது.
எட்டினேன்.
பதாகை, எட்டு ஒலிபெருக்கி,
மூன்று இரவு கொத்துரொட்டி,
இளைஞர் கழகத்துக்குப் பந்தும் வலையும்,
எல்லாம் சேர்த்து
என்னுடையதைவிட முந்நூறு ரூபா குறைவு.

திரும்பி வந்து வாங்கில் இருந்தேன்.
சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.
பிட்டுக்காரர் பயந்துபோய்
தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.
அவருக்கு இது எந்த வட்டாரம் என்றுகூடத் தெரியாது.

எனக்கு விழுந்த வாக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
அதைப் படிவம் கேட்கவில்லை.

நாலுக்கு இன்னும் இருபது நிமிடம்.
மேலதிகத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன்.
முதல் வரி: கோதுமை மா, மூன்று கிலோ, ஹசீனத்தும்மா.
இரண்டாம் வரி: பிள்ளை பார்த்தது, பதினொரு நாள், யசோமதி.
தொகையை வெறுமையாய் விட்டேன்,
அவர்களே மதிக்கட்டும்.
கழிவு என்று இருந்த இடத்தில்
கொஞ்சம் யோசித்து
'மான்கள்' என்று எழுதி
கையெழுத்து வைத்தேன்.