வாடகைப் பச்சை

செகாம்புட்டில், உயர்மின் கம்பிகளுக்குக் கீழே
எங்கள் நிலம்.
எங்களுடையது என்றால், வருஷா வருஷம் புதுப்பிக்கும்
ஓர் அனுமதிக் காகிதம்.
வீடு கட்டக் கூடாது. மரம் ஓங்கக் கூடாது.
தொட்டிக்குள் அடங்கி நிற்பதை மட்டும்
அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும்.

மழை தூறினால் கம்பி இரையும்.
செடி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
வண்டு என்பேன்.

விற்பனை கொஞ்சம்தான். பிழைப்பு வாடகையில்.
முப்பத்தொரு அலுவலகம், ஒரு பல் மருத்துவமனை,
ஜாலான் ஈப்போவில் ஒரு கார்க்கடை.
தொட்டிக்கு மாதம் பதினெட்டு வெள்ளி,
தண்ணீரும் இலை துடைப்பதும் சேர்த்து.
ஏர்கோன் குளிரில் பதினைந்து நாள்
செடி பச்சையாக நடிக்கும்.
பதினாறாம் நாள் நுனி கருகும்.
அதற்குள் நானும் ஷொஃபிகுல்லும்
சரக்கு மின்தூக்கியில் வேறொன்றை ஏற்றி
இதை இறக்கிவிடுவோம்.
அதே உயரம், அதே சாய்வு,
இலைக் கணக்குகூட ஏறக்குறைய.

இறங்கி வந்தவை வலைக்குடிலின் கோடியில் படுக்கும்.
ஷொஃபிகுல் அதை வார்டு என்பான்.
மண்ணைக் கிளறினால்
ஸ்டேப்பிள் முள், கோப்பி மட்டு,
ஒருமுறை
நாலாய்க் கிழித்த ராஜினாமாக் கடிதம்.

ஜாலான் சுல்தான் இஸ்மாயில், பத்தொன்பதாம் மாடி,
கப்பல் சரக்குக் கம்பெனி.
வரவேற்பு மேசையில் ரொஹானா.
பக்கத்தில் வெள்ளை மடல் விடும் ஸ்பாத்திபில்லம்.
மெலூர் என்று பெயர் வைத்திருந்தாள், மலாயில் மல்லிகை.
மல்லிகைக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்,
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தொலைபேசி ஓய்ந்தபோதெல்லாம் அதோடு பேச்சு.
"நேத்து முகம் சரியில்லைக்கா,
இன்னிக்குத் தெளிஞ்சிருச்சு" என்பாள்.
விடிகாலைதான் மாற்றியிருப்போம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டில் பூட்டிய மாடியில்
ஒரு மெலூர் நின்ற வாக்கில் செத்தது.
திறந்த அன்று ஏழு மணிக்கே போய் மாற்றிவிட்டேன்.
எட்டரைக்கு வந்தவள்
தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்,
எனக்காகக் காத்திருந்துச்சு பாருங்க என்று.
அந்த மாதம்
அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் பில் போட மறந்தேன்.

போன மார்ச்சில் கம்பெனி மூடியது.
மூன்று மாத பாக்கி எழுநூற்று ஐம்பத்தாறு வெள்ளி,
இனி வராது.
மீட்க வேண்டியது பதினான்கு தொட்டி.
ஏலக்காரர்கள் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்க,
ரொஹானா ஒரு பெட்டிக்குள் குவளை, செருப்பு,
தொழுகை உடை எல்லாம் திணித்துவிட்டு
"மெலூரை எனக்குக் கொடுப்பீங்களா, எவ்வளவு?" என்றாள்.

ஆறு வருஷத்தில் நூற்று முப்பத்தேழு மெலூர்.
அன்று நின்றது வந்து ஒன்பது நாள்.
சொல்லிவிட வாயெடுத்தேன்.
ஷொஃபிகுல் குனிந்தபடி
அதன் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
இனி யாரும் காசு தராத இலைகளை.

நேர்வெயிலில் வைக்காதே என்றேன்.
குழாய்த் தண்ணீரை ஓர் இரவு ஆறவைத்து ஊற்று.
தலை தொங்கினால் பயப்படாதே, குடித்ததும் எழும்.
"தெரியும்க்கா,
ஆறு வருஷமா நான்தானே பார்க்கிறேன்."

ரசீதில் எழுதினேன்:
திரும்பியது பதின்மூன்று. சேதம் ஒன்று.

நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
செராஸில் அடுக்குமாடி, சமையலறை ஜன்னல்,
மிளகாய்ப் பாட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
நெருக்கியடித்து மூன்று மடல்.
நம்ம ஆபீசில் இப்படிப் பூத்ததே இல்லை, ஏன்க்கா?

பதில் எழுதத் தெரியவில்லை.
விரலால் இழுத்துப் பெரிதாக்கி
இலை நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
ஐம்பதாம் நாளோ, ஐம்பத்தொன்றோ.
விடிந்தால் பல் மருத்துவமனைக்கு நாலு தொட்டி ஏற்றணும்.