சலக்கடுப்பு

பேராதனையில் அது ஒரு பக்கம்.
மஞ்சள் மார்க்கர் பூசின பக்கம்:
சிறுநீர்ப்பை அழற்சி.
இங்கே, யாழ்ப்பாணத்துக் கால்நடை வைத்தியசாலையில்,
காலை எட்டரைக்கு
அது பழஞ்சாரத்தில் சுற்றப்பட்டு
சைக்கிள் கூடையில் வருகிறது.

"ரண்டு நாளா வலைக் குவியலுக்கை
குந்திக் குந்தி எழும்புறான்,
ஒண்டும் வருகுதில்லை."
பாசையூர் பெனடிக்ற் அண்ணையின் கடுவன்.
பெயர் கேட்டேன். வைக்கேல்லை என்றார்.
அட்டைக்கு ஒரு பெயர் வேணும் என்றேன்.
யோசித்து,
"பூனை எண்டே போடுங்கோ."

வயிற்றைத் தொட்டேன்.
புத்தகம் 'விரிந்து இறுகியது' என்கிறது.
விரலுக்கு அது
பழுக்காத தேசிக்காய்.
"அமத்தாதை பிள்ளை," என்றார் டொக்டர் யோகமலர்,
"வெடிச்சால் பூனையும் இல்லை, நீயும் இல்லை."

தங்கூசியைவிடக் கொஞ்சம் தடித்த குழாய்.
முதல் தரம் மறுத்தது. இரண்டாந் தரமும்.
மூன்றாவதில் மணல்போல எதுவோ உரசி
வழிவிட்டது.
முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு தேத்தண்ணிச் சாயம்,
மேசையில், என் சப்பாத்தில்,
அண்ணையின் சாரத்தில்.
அவர் சிலுவை போட்டார்.
இவ்வளவு சந்தோஷமாய்
நான் எவருடைய மூத்திரத்திலும் நின்றதில்லை.

நுணுக்குக்காட்டியில் ஒரு துளி.
இந்தப் பளிங்குகளுக்குப் புத்தகம் வைத்த பெயர்
சவப்பெட்டி மூடி.
எனக்கு அவை ஓட்டுக் கூரைகள்.
சுவர் மிஞ்சிக் கூரை போன வீடுகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு
கூரைகள் மட்டும் மிதக்கிற ஊர் புதிது.

எங்கள் கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை
பூனைக்குள்ளும் படியுமோ என்று கேட்டேன்.
"தெரியாது," என்றார் டொக்டர்.
"அதை ஆராய்ச்சிக்காரர் சொல்ல வேணும்.
எங்களிட்டைக் குழாய்தான் இருக்கு."

என்னோடு பயிற்சிக்கு வந்த குருநாகல் ஹிமாஷா
புதுச் சொல் ஒவ்வொன்றையும்
சிங்கள எழுத்தில் குறித்துக்கொள்கிறாள்.
கடுவன். பெட்டை. குந்துதல்.
சலக்கடுப்புக்கு மட்டும்
பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.
நான் அடிவயிற்றைக் காட்டி
முகத்தைச் சுளித்தேன். எழுதிக்கொண்டாள்.

பதினொன்றுக்கு உரும்பிராயிலிருந்து ரோசி.
ஐந்து வயதுப் பெட்டை, கூடமெல்லாம் சிவப்புச் சொட்டு.
கூட வந்தவ கெங்காதேவி,
சங்கக்கடையில் கணக்கெழுதுகிறவ.
அட்டையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு போனேன்:
நாளுக்கு எத்தினை தரம்?
"ஒம்பது, பத்து."
இரவில் எழும்புறதோ?
"மூண்டு தரம். லைற் போடாமல்."
எரிவு?
"கடைசிச் சொட்டில. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பன்."

பேனை நின்றது.
ரோசி மேசையில் வாலாட்டிக்கொண்டிருந்தாள்.

"உந்தக் குளிசையில எனக்கும் நாலைத் தாங்கோ, பிள்ளை."
முடியாது என்றேன்.
பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ என்றேன்.
"அங்கை கியூவில நிண்டு
என்ன வருத்தமெண்டு உரத்துச் சொல்ல வேணும்.
நாயெண்டால் கொண்டு வரலாம்."

பாடத்தில் இல்லாததைச் செய்தேன்.
ரோசியின் அட்டைக்குப் பின்னால்
ஒரு பெண் டொக்டரின் பெயர், கிழமை, அறை இலக்கம்.
அவ அதை மடித்து
பிளவுசுக்குள் வைத்தா.
ரோசியின் குளிசை கைப்பைக்குள் போனது.
மாற்றி எடுக்கமாட்டா என்று
நம்புவதைத் தவிர என்ன செய்ய?

ஒன்றரை மணிக்குத்தான் ஞாபகம் வந்தது,
காலையிலிருந்து நானும் போகவில்லை.
தண்ணீரும் குடிக்கவில்லை, வேண்டுமென்றே.
பின்பக்கத்துக் கக்கூசுக்குக் கொண்டி இல்லை.
தீவனக்காரர், மாட்டுக்காரர் எல்லாரும்
அந்த வழியால்தான் போவினம்.

ஹிமாஷா வெளியே நின்று
காலால் கதவை அண்டக் கொடுத்தபடி
நோட்டைப் பார்த்து உரத்து வாசிக்கிறாள்:
ச. ல. சல. கடு.
"இங்க 'க'வா, 'க்க'வா?"
உள்ளேயிருந்து சொன்னேன்:
"அழுத்து. க்க."