கதவைத் தள்ளியதும்

நீலத் துணியை விலக்கிக்
கதவைத் தள்ளியதும்
ஆறு தொண்டைகள் ஒருமித்துக் கத்தின.
நான் குனிந்துவிட்டேன்.

ஹஸ்மியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"கூப்பிடுறாங்களாம், நிமிரு."

இரஷ்ஷாய்மாசே.
அடுப்படியிலிருந்து ஒன்று,
பீங்கான் கழுவும் இடத்திலிருந்து ஒன்று,
படிக்கட்டில் தட்டோடு நின்ற பையனிடமிருந்து
அரைகுறையாய் ஒன்று.
பாலையூற்றுப் பெடியன், போன மாதம்வரை
பெற்றோல் செட்டில் நின்றவன்.

இந்த ஊரில் என்னைப் பார்த்து
இத்தனை பேர் சேர்ந்து கத்தியது
கடைசியாக ஒரு சோதனைச் சாவடியில்.
அப்போது எனக்குப் பதினொரு வயது.
பையைத் திற என்றார்கள்.
கணிதக் கொப்பி, கவராயம், பாதி தின்ற பணிஸ்.
கவராயத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்று சம்பள நாள்.
ஐஸ் கொம்பனியின் கணக்குப் பிரிவு முழுவதும்
மூன்று முக்காலிகளில்,
முழங்கைகள் இடிபட.
டைக் வீதியைத் தாண்டி வரும் கடற்காற்று
கரிப்புகையை எங்கள் முகத்துக்கே
திருப்பி அனுப்புகிறது.
கிளாரன்ஸுக்கு பியர்.
ஹஸ்மியாவுக்குத் தேசிக்காய்ச் சோடா.
எனக்குச் சின்னக் குவளையில் சூடாய் ஏதோ,
இருமல் மருந்தும் இளநீரும்
வீட்டாருக்குத் தெரியாமல்
கலியாணம் கட்டிக்கொண்ட சுவை.

சமையல்காரர் தவரூபன்
நாகோயாவில் ஒன்பது வருஷம்.
போகும்போது தலைமுடி இருந்தது என்கிறார்.
கோழி ஈரலைக் குச்சியில் கோத்து
விசிறியால் நெருப்பை இரண்டு தட்டு,
கறுத்த சாறில் ஒரு முக்கு,
மறுபடி நெருப்பு.
பொரித்த முருங்கையிலையை மேலே தூவுகிறார்.
"இது அங்கேயும் போடுறவையோ?"
"அங்க முருங்கைக்கு எங்க போறது?
இது என்ர."

பிறகு சூரை வந்தது. பச்சையாக.
ஐந்தே ஐந்து துண்டு,
செம்பருத்தி இதழ்போல ஒன்றில் ஒன்று சாய்ந்தபடி.
நான் கணக்குக்காரி.
விடிய ஐந்தரைக்குக் கொட்பேத் துறையில்
இதே மீனுக்கு ஐஸ் பில் எழுதியவள்.
கிலோ விலை தெரியும், கட்டி விலை தெரியும்,
படகுக்காரன் வைத்த கடன்கூடத் தெரியும்.
துண்டொன்று எவ்வளவு என்று
மனம் வகுக்கத் தொடங்கிற்று.
வகுத்து முடிக்குமுன்
நாக்கில் கரைந்துவிட்டது.
மீதி பூச்சியம்.

அடுத்த மேசையில் கந்தளாய் எஞ்சினியர்கள்,
யாருக்கோ பிறந்தநாள்.
கம்பாய் என்று குவளைகளை இடிக்கிறார்கள்,
பிறகு சிங்களத்தில் ஒரு பாட்டு,
கடை முழுக்கக் கைதட்டல்.
அந்த இரைச்சலுக்குள் கிளாரன்ஸ்:
"நாப்பத்திரண்டில இவையள்
வானத்தால வந்தவை.
அப்ப ஒருத்தரும் வாங்கோ எண்டு கத்தேல்ல."

தவரூபன் குச்சியைத் திருப்பினார்.
"சீனக்குடாக் கதையை
அங்கத்தை முதலாளியிட்ட ஒருக்காச் சொன்னனான்.
அந்தாள் ஒண்டும் பேசேல்ல.
கடை பூட்டினாப்பிறகு
எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரிச்சுத் தந்தது."

நாங்கள் கொஞ்ச நேரம்
ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கிளாரன்ஸ் இன்னொரு பியர் சொன்னான்,
இரண்டு, ஒன்று அவருக்கு.

பத்து மணிபோல
நீலத் துணி மீண்டும் அசைந்தது.
யாரென்று பாராமலே
ஆறு தொண்டைகளும் திறந்தன.

வாசலில் ஒரு புள்ளிமான்.
காதுகள் பின்னுக்கு மடிய,
முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் நிற்க,
தலையைத் தாழ்த்திக்கொண்டது.

கடையே சிரித்தது. எஞ்சினியர்கள்
கைபேசிகளைத் தூக்கினார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை;
எழுந்து போய்ப்
பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் அது
கதவோரம் தொங்கிய விலைப்பட்டியலில்
ஒரு மூலையைக் கடித்து இழுத்து,
மென்றபடி
கடல் பக்கமாய்ப் போயிற்று,
அவசரமே இல்லாமல்.