கடலில் கதியால்

தலைவர் உரை. சென்ற அறிக்கை வாசித்தல். ஏற்றுக்கொள்ளல்.
சங்கக் கூட்டக் குறிப்பு இப்படித்தான் தொடங்கும்.
எழுதுகிறவன் நான்.
எழுதாமல் விட்டது இது.

ஒரு கதியாலை அரையடி தள்ளி நட்டதற்குப்
பதினெட்டு வருசம் வழக்காடிய ஊர் எங்களுடையது.
தவணை போட்டுப் போட்டு
இரண்டு பக்கத்து அப்புக்காத்துமாரும் மாடி கட்டினார்கள்.
ஆனால் கரை தாண்டினால் வேலி இல்லை.
முழங்கால் தண்ணியில்
எவர் காலும் எவர் காணிக்குள்ளும் இல்லை.
கடல் வற்றும் நேரம்
வலன்ரீனாவோடு பத்துப் பெண்கள்
கையால் தடவியே இறால் பொறுக்கினார்கள்,
வலை இல்லாமல், வள்ளம் இல்லாமல்,
உறுதி இல்லாமல்.

பிறகு அட்டைக்கு விலை வந்தது.

நாங்கள் ஒருநாளும் சட்டியில் போடாத சாமான்.
அவித்து, உப்பிட்டு, காயவைத்தால்
கருங்கல்லாய்ச் சுருங்கி
விமானம் ஏறுகிறது.
எந்தக் கலியாணத்தில், எந்தக் கிண்ணத்தில்
ஊறி விரிகிறதென்று தெரியாது.
எங்கள் வாய் அறியாத ஒன்றுக்காக
எங்கள் கடல் வேலி அடைத்துக்கொண்டது.

முதலில் ஸ்ரனிஸ்லாசின் ஒரு ஏக்கர்.
இரும்புக் குழாய், நீல வலை,
நடுவில் தகரக் கொட்டில், சூரிய விளக்கு.
இரவில் கரையிலிருந்து பார்த்தால்
இன்னொரு ஊர் கடலில் குடிவந்தது போல.

அமைச்சரின் ஆள் வந்தார்.
"நாட்டிலை டொலர் இல்லை" என்றார்.
உண்மைதான். அந்த வருசம் மண்ணெண்ணெய்க்கு
கானோடு படுத்துக் கிடந்தோம் வரிசையில்.
"அட்டைதான் டொலர்" என்றார். கைதட்டினோம்.
அடுத்த கிழமை மற்றக் கட்சி வந்தது.
"இது பிறத்தியான்ர வேலி" என்றது.
அதற்கும் கைதட்டினோம்.
இரண்டு பேருக்கும் சோடா வாங்கிய கணக்கு
என் கொப்பியில் இருக்கிறது:
தொளாயிரத்து அறுபது ரூபா.

அனுமதிக்குச் சங்கத்தின் கடிதம் வேணும்.
கடிதத்துக்குச் சங்கத்தின் கைகள் வேணும்.
எண்ணியவன் நான்.
வேணும் என்று நாற்பத்தொன்று.
வேண்டாம் என்று நாற்பது.
வலன்ரீனா ஆட்கள் வெளியே வேம்படியில் நின்றார்கள்.
அவர்களுக்கு வள்ளம் இல்லை,
ஆகவே அங்கத்துவம் இல்லை,
ஆகவே கை இல்லை.

நாற்பத்தொராவது கை என்னுடையது.

மகள் மொறட்டுவைக்கு எடுபட்டிருந்தாள்.
கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்
எனக்கும் அரை ஏக்கர் இருந்தது.
முதல் அறுவடையில்
கூரை மாறியது, அவளுக்கு மடிக்கணினி வந்தது,
மனைவியின் சங்கிலி அடைவிலிருந்து மீண்டது.
அதைப் பொய்யென்று சொல்லமாட்டேன்.

இப்போது ஞாயிறு பூசையில்
அட்டைக்காரர் வலது வாங்கில்,
வலைக்காரர் இடது வாங்கில்.
சமாதானம் சொல்லும் நேரம்
பாதர் மட்டும் நடுவில் கைகொடுத்துத் திரிகிறார்.
வலன்ரீனா நண்டுக் கொம்பனியில்
நாட்கூலிக்கு ஓடு உடைக்கிறாள்.
அந்த நண்டும் இங்கே தின்பதற்கல்ல.

போன மாதம் வாங்குகிறவன் போன் எடுத்தான்.
"விலை பாதி."
ஏனென்று கேட்டேன்.
"அங்கை விருந்துகள் குறைஞ்சிட்டுது."
எங்கை?
அவனுக்கும் சரியாகத் தெரியாது.

எந்தக் கோட்டில்
அந்த விருந்துக்காரனை எதிராளியாக நிறுத்துவது?
பதினெட்டு வருசம் பேசினாலும்
ஒரு தவணைக்கும் வரமாட்டான்.
விலையை ஏற்றியதும் அவன், இறக்கியதும் அவன்;
சங்கத்தில் முகம் திருப்பிக்கொண்டு இருப்பது நாங்கள்.

நேற்றிரவு கடல் வற்றியிருந்தது.
கொட்டிலில் காவலுக்கு நான்.
வேலிக்குள் ஏதோ அசைய
விளக்கைத் திருப்பினேன்.
குனிந்து தடவிக்கொண்டிருந்தாள் வலன்ரீனா.
நிமிரவில்லை.
"இது என்ர கால் பழகின இடம்" என்றாள்,
"வெளிச்சத்தை அங்காலை பிடி,
இறால் ஓடுது."

பிடித்தேன்.

விடிய, கொப்பியைத் திறந்து
திகதி போட்டு,
அத்துமீறல் ஒன்று என்று எழுதினேன்.
யாருடையது என்ற இடம்
இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.